ரெஜிபோம் மேல் ஓடும் றோட்டு

பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் பாலம் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். பாலம் தொடங்குற இடத்தில் வண்டி ஒரு துள்ளுத் துள்ளும். முடியிற இடத்தில் இன்னொரு துள்ளு. "கொந்தராத்துக்காரர் காசடிச்சிட்டார்" எண்டு பின் சீற்றில் யாராவது முணுமுணுப்பினம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு சதம்கூடக் களவு போகாத வேலையிலும் இந்தத் துள்ளல் வரும். காரணம் எளிது. பாலம், ஆழத்தில் இருக்கும் கெட்டியான மண்ணிலோ பாறையிலோ காலூன்றி நிற்கிறது, அது அசையாது. பாலத்துக்கு ஏறுவதற்காக இரண்டு பக்கமும் மண் போட்டு உயர்த்திய மேடு மட்டும் மேல்மண்ணில் சும்மா குந்திக்கொண்டு இருக்கிறது. அடியில் இருப்பது சேறோ மென்களியோ என்றால், அந்த மேடு தன் சொந்தப் பாரத்தாலேயே வருசா வருசம் கீழே இறங்கும்.

இறங்கினால் என்ன செய்வோம்? பள்ளத்தை நிரப்பித் தார் போடுவோம். தார், கல், கிரவல் எல்லாம் பாரம். அந்தப் பாரம் நிலத்தை இன்னும் அமத்தும். இன்னும் இறங்கும். இன்னும் தார் போடுவோம். நோயையே மருந்தாகக் குடுக்கிற வேலை இது.

இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர மனிதர் கண்டுபிடித்த ஒரு வழியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நிலம் தாங்கவில்லை என்றால் பாரத்தைக் குறை. சொல்லுறதுக்கு ஒரு வரி. அதைச் செய்துபார்க்க மனிதருக்கு மிக நீண்ட காலம் எடுத்தது. அந்த வரலாற்றின் நடுவில், நாங்கள் சோத்துப் பெட்டியாகவும் புது ரீவியைச் சுற்றி வரும் வெள்ளைக் கட்டியாகவும் மட்டுமே அறிந்த ரெஜிபோம் நிற்கிறது. பகிடி இல்லை.

சதுப்பில் மிதந்த தண்டவாளம்

இங்கிலாந்தின் சமர்செற் பகுதியில் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே 1970இல், பீட் எனப்படும் உக்கிய தாவரப் படிவுக்குள் புதைந்து கிடந்த பழைய மரப்பாதை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தின் வளையங்களை எண்ணி அதன் வயதைக் கணித்தார்கள்: கி.மு. 3807 அல்லது 3806. ஏறக்குறைய ஆறாயிரம் வருசத்துக்கு முதல், சேற்றைக் கடக்க வேண்டியிருந்த மனிதர்கள் அதை மண்ணால் நிரப்பப் பார்க்கவில்லை. கம்புகளைக் குறுக்கும் மறுக்குமாக அடித்து, அவற்றின் மேல் பலகையை வைத்து நடந்தார்கள். நடக்கிற மனிதருக்கு அது போதும்.

புகைவண்டிக்கு அது போதாது. 1820களில் லிவர்பூலையும் மான்செஸ்டரையும் இணைக்கும் ரயில்பாதை திட்டமிடப்பட்டபோது, வழியில் சாற் மொஸ் என்ற பெரும் சதுப்பு குறுக்கே கிடந்தது. 1825இல் நாடாளுமன்றக் குழுவின் முன் விசாரணை நடந்தது. பிரான்சிஸ் ஜைல்ஸ் என்ற பொறியியலாளர், சதுப்பின் அடிவரை தோண்டிப் போகாமல் அங்கே பாதை அமைக்க முடியாது என்றும், அந்தப் பகுதிக்கு மட்டும் 270,000 பவுண் செலவாகும் என்றும் வாதாடினார். அந்தச் சட்டமூலம் தோற்றது. அடுத்த வருசம் புதிதாகக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள்.

வேலையைப் பொறுப்பெடுத்தவர் ஜோர்ஜ் ஸ்ரீபன்சன். சதுப்பின் அடியைத் தேடிப் போவதை அவர் விட்டுவிட்டார். புதர்ச்செடிகளையும் கிளைகளையும் பின்னித் தட்டிகளாக்கிச் சதுப்பின் மேல் விரித்து, பாரத்தைப் பரந்த பரப்பில் பகிர்ந்து, தண்டவாளத்தை ஒரு தெப்பம் போல மிதக்கவிட்டார். சதுப்பின் ஓரத்தில் மேடு கட்ட வேண்டிய இடத்திலும் வெளியிலிருந்து கனமான மண்ணைக் கொண்டுவரவில்லை. அதே சதுப்பின் பீட்டை வெட்டிக் காயவைத்து அதையே கொட்டினார். வாரக்கணக்கில் கொட்டியும் மேடு எழும்பவில்லை. கொட்டினதெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கம்பனி இயக்குநர்கள் வேலையைக் கைவிடுவதா என்று கூடிப் பேசும் அளவுக்கு நிலைமை போனது. ஆனாலும் கடைசியில் மேடு நின்றது. செலவு ஏறக்குறைய 28,000 பவுண். 1830 செப்டெம்பர் 15ஆம் திகதி பாதை திறக்கப்பட்டது. அதே தடத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.

அந்தக் காய்ந்த பீட்டை, ரயில் யுகத்தின் முதல் இலேசான நிரப்பு மண்களில் ஒன்று எண்டு சொல்லலாம். ஆனால் இதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்த அறிவு. ஏன் அது வேலை செய்தது, எங்கே வேலை செய்யாது என்று கணக்கோடு சொல்ல அன்றைக்கு யாராலும் முடியவில்லை.

பாரம் கொன்ற மாலை

கணக்குத் தெரியாததன் விலை சில நேரம் உயிர். ஸ்கண்டிநேவியாவின் பல தாழ்நிலங்களில் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த மென்களி இருக்கிறது. பனிக்கட்டி யுகம் முடிந்து நிலம் மேலெழுந்தபோது அந்தக் களியும் வெளியே வந்தது. பார்க்கக் கெட்டியாக இருக்கும். எல்லை மீறி அமத்தினால் குழம்பு போல ஓடிவிடும். அங்கே ரயில்பாதை போடப் போட மண்சரிவுகளும் வந்தன. சுவீடனின் அரச ரயில்வே 1913இல் இதை ஆராயவென்றே ஒரு ஆணைக்குழுவை அமைத்தது.

அந்த ஆணைக்குழு வேலை செய்துகொண்டிருந்தபோதே, 1918 ஒக்ரோபர் 1ஆம் திகதி மாலை, யெத்தோ என்ற இடத்தில் கடும் மழைக்குப் பிறகு ரயில்பாதையின் மண்மேடு சரிந்தது. வந்துகொண்டிருந்த ரயில் அந்தச் சரிவில் விழுந்து தீப்பற்றியது. குறைந்தது 42 பேர் இறந்தார்கள். சுவீடனின் ரயில் வரலாற்றில் மிக மோசமான விபத்து அதுதான். ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 1922இல் வந்தது. மென்களியின் வலிமையை எப்படி அளப்பது, ஒரு சரிவு எந்தப் பாரத்தில் வழுக்கும் என்று எப்படிக் கணிப்பது என்பவற்றுக்கு அது அடித்தளம் போட்டது.

இறங்குதலுக்கான கணக்கு வேறொரு ஊரிலிருந்து வந்தது. ஒஸ்ரியரான கார்ல் ரெர்சாகி, முதலாம் உலகப் போர்க் காலத்திலும் பிறகும் இஸ்தான்புல்லில் படிப்பித்துக்கொண்டே, கைக்குக் கிடைத்த சாமான்களை வைத்துக் களிமண்ணைப் பரிசோதித்தார். 1925இல் வந்த அவருடைய நூலோடுதான் மண்பொறியியல் ஒரு அறிவியலாகப் பிறந்தது என்று சொல்வார்கள். அவர் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால்: ஈரமான பஞ்சுக்கு மேல் ஒரு புத்தகத்தை வைத்தால், பஞ்சு அமர்வதற்கு முதல் அதில் இருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும். களியும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், களியின் துளைகள் மிக நுண்ணியவை. தண்ணீர் வெளியேறப் பல வருசம் எடுக்கும். அதனால்தான் றோட்டு திறந்த அன்று எல்லாம் சமமாக இருக்கும், ரிபன் வெட்டிப் படமும் எடுப்பார்கள், பத்து வருசத்தில் துள்ளல் வரும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டியது. நிலம் எவ்வளவு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது, அது ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்த பாரத்துக்கு மேல் நாங்கள் புதிதாக எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதுதான். புதிய பாரத்தைக் குறைத்தால் இறக்கமும் குறையும். புதிய பாரமே இல்லையென்றால் இறங்க நிலத்துக்குக் காரணமும் இல்லை.

மரத்தூளிலிருந்து ரெஜிபோமுக்கு

அப்படியென்றால் இலேசான பொருள் எது? நோர்வேயும் சுவீடனும் காடு நிறைந்த நாடுகள். மர ஆலைகளில் மலை மலையாகக் குவிந்த மரத்தூளையும் மரப்பட்டையையும் றோட்டு மேடுகளுக்குள் போட்டார்கள். நிலத்தடி நீருக்குள் மூழ்கிக் கிடந்தால் மரம் நீண்ட காலம் உக்காது. காற்றுப் பட்டால் உக்கும். மரப்பட்டையிலிருந்து வடிகிற நீர் பக்கத்து ஓடைகளைக் கெடுத்தது. அடுத்தது களி உருண்டை. குறிப்பிட்ட வகைக் களியைச் சுழலும் சூளையில் 1,100 பாகைக்கு மேல் சுட்டால், உள்ளே வாயு உண்டாகிப் பொரி மாதிரி ஊதும். ஸ்ரீபன் ஹேட் என்ற அமெரிக்கர் 1918இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அது நல்ல பொருள். ஆனால் சுட எரிபொருள் வேண்டும், காசும் வேண்டும்.

நோர்வே வீதி ஆய்வுகூடம் 1960களில் ரெஜிபோமை வேறொரு வேலைக்காகப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் றோட்டுக்கு அடியில் மண்ணின் ஈரம் உறைந்து வீங்கும்; அதைத் தடுக்க வெப்பக் காப்பாக மெல்லிய ரெஜிபோம் தட்டுகளைப் புதைத்துப் பார்த்தார்கள். வருசக்கணக்காக லொறிகள் மேலே ஓடியும் தட்டுகள் நசியவில்லை. அப்போதுதான் கேள்வி வந்தது: தட்டாகத் தாங்கும் பொருள் கட்டியாகத் தாங்காதா?

அதைச் செய்துபார்க்க ஒரு இடமும் தயாராக இருந்தது. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஃப்லொம் பாலம். பாலம் அசையாமல் நின்றது. அதன் இரு பக்க மேடுகளுக்குக் கீழே 3 மீற்றர் பீட், அதற்கும் கீழே 10 மீற்றர் மென்களி. தார் மேல் தாராகப் போட்டுப் போட்டு, இறங்கும் வேகம் வருசத்துக்கு 20, 30 சென்ரிமீற்றர் என்ற அளவுக்குப் போயிருந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அதே சுற்று. 1972இல் மேட்டின் மேல்பகுதியில் 1 மீற்றர் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, அரை மீற்றர் தடிப்பான ரெஜிபோம் கட்டிகளை இரண்டு அடுக்காக அடுக்கி, மேலே றோட்டைப் போட்டார்கள். இறங்குவது நின்றது.

கணக்கைப் பாருங்கோ. ஒரு கன மீற்றர் கிரவலும் மண்ணும் ஏறக்குறைய இரண்டு தொன். ஒரு கன மீற்றர் ரெஜிபோம் 20 கிலோ, அதாவது ஒரு ஆறு வயசுப் பிள்ளையின் நிறை. கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. அதில் 98 வீதம் காற்று. ஆனால் அந்தக் காற்று ஆயிரமாயிரம் மூடிய குமிழ்களுக்குள் அடைபட்டிருப்பதால், பாரத்தை ஒரு கொங்கிரீட் தட்டு வழியாகப் பரப்பிக் குடுத்தால் லொறிகளைத் தாங்கிவிடும். ஒவ்வொரு சதுர மீற்றரிலும் இரண்டு தொன்னை எடுத்துவிட்டு 20 கிலோவை வைத்தால், கீழே இருக்கும் களிக்கு அது பாரம் குறைந்த நாள். இரண்டு மூன்று பேர் கையாலேயே கட்டிகளைத் தூக்கி அடுக்கலாம். பாரந்தூக்கி தேவையில்லை.

1985இல் ஒஸ்லோவில் இதற்கென்றே ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. அதே காலத்தில் ஜப்பான் இதை எடுத்துக்கொண்டது. நிலநடுக்கமும் செங்குத்து மலைச்சரிவும் உள்ள நாட்டில், பாரமில்லாத மேடு என்பது வெறும் வசதி மட்டுமில்லை, பாதுகாப்பும்கூட. அமெரிக்காவில் சோல்ற் லேக் சிற்றி, பழைய ஏரி ஒன்று விட்டுச்சென்ற களிக்கு மேல் இருக்கும் நகரம். 2002 குளிர்கால ஒலிம்பிக்குக்கு முதல் அதன் பெருவீதியை அகலமாக்க வேண்டியிருந்தது. வழமையான மண்ணைப் போட்டால் நிலம் ஒரு மீற்றர் அளவுக்கு இறங்கி, கீழே ஓடும் வாயுக் குழாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் உடைத்திருக்கும். அந்த இடங்களில் ஏறக்குறைய 100,000 கன மீற்றர் ரெஜிபோம் போட்டார்கள். குழாய்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இலேசுக்கும் ஒரு விலை

இதோடு நிறுத்தினால் இது ஒரு விளம்பரமாகிவிடும். இலேசான எதற்கும் அதற்கே உரிய பில் ஒன்று வரும்.

முதல் பில் தண்ணீர். ஒரு கன மீற்றர் ரெஜிபோம் தண்ணீருக்குள் மூழ்கினால், அதை மேலே தள்ளும் விசை கிட்டத்தட்ட ஒரு தொன்னுக்குச் சமம். 1987 ஒக்ரோபரில் ஒஸ்லோ பகுதியில் வெள்ளம் வந்தபோது, வடிவமைப்பில் நினைத்ததைவிட நீர்மட்டம் உயர்ந்து, அப்படியொரு மேடு மிதந்துவிட்டது. இலேசான றோட்டை நிலத்தில் பிடித்துவைக்கப் பாரம் வேண்டும் என்பதை அந்த வெள்ளம்தான் அழுத்திச் சொன்னது. வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று சரியாகக் கணிக்கத் தெரியாத இடத்தில் இந்தப் பொருளைப் புதைக்கக் கூடாது.

இரண்டாவது பில் பெற்றோல். பெற்றோல் பட்டால் ரெஜிபோம் கரைந்துபோகும். ஒரு பவுசர் கவிழ்ந்தால் போதும். அதனால்தான் மேலே கொங்கிரீட் தட்டோ, எண்ணெய் புகாத விரிப்போ கட்டாயம்.

மூன்றாவது பில் நெருப்பு. இதை மிகத் தெளிவாகக் காட்டியது ரெஜிபோமின் உறவினர் ஒருவர். அமெரிக்காவில் மலையாகக் குவிந்த பழைய டயர்களைத் துண்டு துண்டாக வெட்டி றோட்டு மேடுகளுக்குள் போடலாம் என்று யோசித்தார்கள். கழிவும் தீரும், மேடும் இலேசாகும். எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் 1995இல் வாஷிங்டன் மாநிலத்தின் இல்வாகோவிலும் கார்ஃபீல்ட் கவுண்டியிலும், பல மீற்றர் தடிப்பில் டயர்த் துண்டு போட்ட மேடுகள் உள்ளுக்குள்ளேயே சூடேறி, சில மாதங்களுக்குள் புகையத் தொடங்கின. யாரும் கொள்ளி வைக்கவில்லை. அதன் பிறகு ஒரு அடுக்கு 3 மீற்றருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி வந்தது. "கழிவை றோட்டுக்குள் போட்டுவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது" எண்டு யாராவது சொன்னால், இல்வாகோவை ஞாபகம் வைத்திருங்கோ.

நாலாவது பில் இன்னும் வரவில்லை. புதைத்த ரெஜிபோம் உக்காது. ஃப்லொமிலிருந்து இருபது வருசத்துக்கு மேல் கழித்து எடுத்துப் பார்த்த மாதிரிகள் வலிமை குறையாமல் இருந்தன. பொறியியலாளருக்கு அது நல்ல செய்தி. அந்த றோட்டு ஒருநாள் தேவையில்லாமல் போகும்போது அதைத் தோண்டி எடுக்கப்போகும் தலைமுறைக்கு அது எப்படிப்பட்ட செய்தி? 1990களின் கடைசியிலிருந்து நோர்வே, கழிவுக் கண்ணாடியை நுரைக்கவைத்துச் செய்யும் கற்களையும் நிரப்பாகப் பயன்படுத்துகிறது. ரெஜிபோமைவிடப் பாரம், மண்ணைவிட மிக இலேசு, பெற்றோலில் கரையாது, எரியாது. அதற்கும் சூளையும் எரிபொருளும் வேண்டும்.

எங்கள் சதுப்புகள்

இதெல்லாம் குளிர்நாட்டுக் கதை, எங்களுக்கு என்ன எண்டு கேட்கலாம். கட்டுநாயக்கவுக்கு யாரையாவது ஏற்றப் போயிருப்பீர்கள். 2013 ஒக்ரோபரில் திறந்த அந்த நெடுஞ்சாலை முத்துராஜவெல சதுப்பைக் கடந்துதான் போகிறது. இலங்கையின் மிகப் பெரிய கரையோரப் பீட் சதுப்பு அது. 2011இல் திறந்த தெற்கு நெடுஞ்சாலையும் பல இடங்களில் பீட்டையும் மென்களியையும் கடக்கிறது. அங்கெல்லாம் முதன்மையாக எடுத்த வழி பாரத்தின் வழி. பீட்டைத் தோண்டி அகற்றி நல்ல மண் போடுவது; தண்ணீர் வெளியேறக் களிக்குள் செங்குத்தாக வடிகால் நாடாக்களை இறக்கி, தேவைக்கு மேலதிகமாக மண்ணைக் குவித்து, நிலம் இறங்கி முடியும்வரை காத்திருப்பது. அது பிழையான வழி இல்லை. ரெர்சாகியின் கணக்கை அப்படியே பயன்படுத்துகிற வழி. காத்திருக்க நேரமும், குவிக்க மண்ணும் இருந்தால் பல இடங்களில் அதுதான் மலிவு.

ஆனால் "மலிவு" என்ற சொல்லுக்குள் எது சேர்கிறது, எது சேரவில்லை எண்டு நாங்கள் கேட்க வேண்டியிருக்கிறது. மேடு போட்ட மண் எங்கேயோ ஒரு கிரவல் மேட்டை வெட்டி வந்தது. மணல் ஆற்றிலிருந்தோ கடலிலிருந்தோ வந்தது. அந்தக் குழிகளின் செலவு கொந்தராத்துக் கணக்கில் இல்லை. சதுப்பு என்பது வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம். அதற்குள் போடுகிற ஒவ்வொரு கன மீற்றர் மண்ணும் தண்ணீருக்கு இருந்த இடத்தைப் பிடிக்கிறது. இந்த விடயத்தில் ரெஜிபோமும் சுத்தமில்லை. இலேசாக இருந்தாலும் இடத்தைப் பிடிக்கத்தான் செய்யும். மிதந்து வேறு போகும்.

2017இல் இந்த நாட்டில் ரெஜிபோம் சோத்துப் பெட்டியைத் தடை செய்தார்கள். நாங்களும் அது நல்லது என்றே நினைக்கிறோம். அதே பொருள், ஐந்து நிமிசம் சோறு சுமந்துவிட்டு வாய்க்காலில் மிதக்கும்போது குப்பை. ஐம்பது வருசம் ஒரு பாலத்தின் ஓரத்தைச் சுமந்துகொண்டு கிடக்கும்போது கட்டுமானம். பொருளை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எவ்வளவு காலத்துக்கு, எந்த வெள்ளத்துக்குப் பக்கத்தில், யார் பராமரிக்க, யார் கடைசியில் தோண்டி எடுக்க என்று கேட்டுத்தான் சொல்ல முடியும்.

இந்த வரலாற்றில் எங்களுக்குப் பிடித்த இடம் ரெஜிபோம் இல்லை. ஃப்லொம் பாலத்தடியில், இன்னொரு லொறி தார் கொண்டு வருவதற்குப் பதிலாக, ஏற்கெனவே போட்டதில் ஒரு மீற்றரைத் தோண்டி எடுக்க முடிவெடுத்தார்களே, அந்த நாள்தான். ஒரு பிரச்சினைக்கு இன்னும் கொஞ்சம் சேர்ப்பதைவிடச் சேர்த்ததில் கொஞ்சத்தை எடுப்பது கஷ்டம். இவ்வளவு நாளும் போட்ட காசு வீணா எண்டு யாராவது கேட்பினம். ரிபன் வெட்டவும் ஒன்றும் இருக்காது. அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு பாலத்தடியில் தார் கொட்டும்போது, இது எத்தனையாவது அடுக்கு எண்டு வேலை செய்யிற அண்ணாமாரிடம் கேட்டுப் பாருங்கோ. அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.